கொசுறு போக நூறு கிராம்

அஜீசாவின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மஞ்சள் பையோடுதான் வருவார்கள். யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. உள்ளே கரண்ட் பில், ஆதார் நகல், ஏதோ ஒரு புயலுக்குக் கொடுத்த நிவாரணச் சீட்டு, மாநகராட்சி நோட்டீஸ், ஓரம் மடங்கிய புகைப்படம் எல்லாம் கலந்து கிடக்கும். படியேறிய மூச்சு அடங்குவதற்கு முன்பே பையை அவள் மேஜைமேல் கவிழ்ப்பார்கள். "எல்லாம் இதுல கீதும்மா. நீயே பாத்துக்க" என்பார்கள். கவிழ்த்த பிறகு அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அஜீசாவுக்குத் தோள் வலிக்க ஆரம்பிக்கும்.

டோல்கேட் அருகே ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. வாசலில் 'அஜீசா சிறுதொழில் ஆலோசனை' என்று பலகை. உள்ளே சுவரில் இன்னொரு பலகை உண்டு, எந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம் என்று. அதன்மேல் யாரோ ஒரு வாடிக்கையாளர் அன்பாகக் கொண்டுவந்த காலண்டரை மாட்டிவிட்டுப் போனார். எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு முன்பு பதினொரு வருடம் ஒரு தனியார் வங்கியின் சிறுகடன் பிரிவில் இருந்தாள். வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்வதுதான் அங்கே அவள் வேலை. இல்லை என்று நேராகச் சொல்லக் கூடாது. "மேலே அனுப்பியிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மீன் வைக்கும் ஐஸ் பெட்டி செய்கிற ஒருவர் நான்கு முறை வந்தார். நான்காவது முறை, அவர் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், என்னென்ன காகிதம் கொண்டுவந்தால் மேலே இருப்பவர்கள் மறுக்க முடியாது என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தாள். அவருக்குக் கடன் கிடைத்தது. மறுவாரம் அவருடைய மச்சான் வந்தார். வங்கியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி கேட்டதற்கு, "பின்னாடி எழுதிக் குடுப்பாங்களே, அந்த மேடத்த" என்றாராம். அதற்கப்புறம் அங்கே நிம்மதியாக உட்கார முடியவில்லை. நாற்பது வயதாவதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், துறைமுக ஆட்களுக்குச் சீருடை தைப்பவள், மணலி புதுநகரில் சரக்கு அடுக்கும் மரத்தட்டு செய்கிறவர் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். உரிமம் எடுக்க வருவார்கள். கூடவே ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்குவது, பக்கத்துக் கடைக்காரனோடு சுவர்த் தகராறு எல்லாம் வரும். எதையும் பாதியில் விட அவளுக்குத் தெரியாது. தொழில் வளர்ந்தவர்களும் உண்டு. ஆனால் பெரிய கடைகளின் அலமாரித் தட்டில் போய் உட்கார்ந்து, மாதா மாதம் ஆர்டர் வாங்குகிற அளவுக்கு அவள் கைபிடித்து ஏறியவர்கள் யாரும் இல்லை. அந்தப் படியின் விளிம்பில் இப்போது நின்றுகொண்டிருந்தது, கூனி இறால் பொடி செய்யும் கோவிந்தம்மாவின் குழு ஒன்றுதான்.

மே மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. எதிரே மரத்தட்டு செய்யும் ஒவைஸ் உட்கார்ந்து, தன் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்கு எழிலனின் அழைப்பு வந்தது. பல கிளைகள் உள்ள ஒரு பல்பொருள் அங்காடியில் சரக்கு கொள்முதல் பார்க்கும் இளைஞன். மரியாதையானவன். அவன் மெதுவாக ஆரம்பித்ததிலேயே அஜீசாவுக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், உங்க சென்னாகுன்னிப் பொடி இருபத்தஞ்சு பெட்டியும் திரும்புது."

"ஏன் சார், ஈரமா இருக்கா?"

"இல்ல. எடை."

"கொறையுதா?"

"அதிகமா இருக்கு மேடம்."

அஜீசா ஒவைஸின் காகிதங்களை ஓரமாக நகர்த்தினாள். பிறகு, "அதிகம்னா உங்களுக்கு நல்லதுதானே சார்" என்றாள்.

"எனக்கு நல்லது. மெஷினுக்குத் தெரியாதே. நாங்க பெட்டியப் பிரிச்சு எண்றதில்ல மேடம், எடை போட்டுத்தான் எண்ணிக்கை. இருபத்திநாலு பாக்கெட்டுன்னா பெட்டியோட ரெண்டு கிலோ எழுநூத்தி இருபது வரணும். உங்க பெட்டி ஒண்ணு ரெண்டு தொள்ளாயிரத்தம்பது, ஒண்ணு மூணு கிலோ, ஒண்ணு அதுக்கும் மேல. மூணு கிலோன்னா கிட்டத்தட்ட இருபத்தேழு பாக்கெட்டுன்னு காட்டுது. தொறந்து பாத்தா இருபத்திநாலு. மிச்சம் எங்கன்னு மேல இருந்து என்னைக் கேக்கறாங்க."

அவள் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை.

"பெட்டிச் சீட்டுல எடை சரிபார்த்தவர்னு உங்க கையெழுத்து இருக்கு மேடம்" என்றான் எழிலன், இன்னும் மெதுவாக. "வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள சரியான எடையில மாதவரம் கிடங்குக்கு வந்துட்டா ஏத்துக்கலாம்னு பேசி வெச்சிருக்கேன். தவறினா அந்தத் தட்டு வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு நானே நெனச்சாலும் முடியாது."

கையெழுத்து அவளுடையதுதான். சனிக்கிழமை காலடிப்பேட்டை முனையில், ஷேர் ஆட்டோ புறப்படப்போகிற நேரத்தில், கோவிந்தம்மா குழுவின் அடைக்கலமேரி ஓடிவந்து இருபத்தைந்து பெட்டிச் சீட்டுகளை நீட்டினாள். அன்று காலையிலிருந்து மூன்று இடத்துக்குப் போய் வந்ததில் தலைவலி. முழங்கால்மேல் வைத்து இருபத்தைந்திலும் போட்டாள். ஒரு பாக்கெட்டைக்கூட எடை மெஷினில் வைத்துப் பார்க்கவில்லை. ஆறு வருடத்தில் பார்க்காமல் போட்ட முதல் கையெழுத்து. அது இப்படித் திரும்பி வந்திருக்கிறது.

"நாளைக்கு வாங்க ஒவைஸ்."

"நாளைக்கு வந்தா நாளன்னைக்குன்னு சொல்லுவீங்கக்கா."

"சொல்லுவேன். அப்பவும் வாங்க."

*

கோவிந்தம்மாவும் மற்ற ஐந்து பெண்களும் இருபது வருடம் இறால் உரிக்கும் ஷெட்டில் நின்றவர்கள். விடியலில் ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் மதியம்வரை எடுக்க முடியாது. விரல் நுனிகள் வெளுத்து, கோடு கோடாக வெடித்து, சோற்றில் உப்பு பட்டாலே எரியும். கட்டைவிரல் ரேகை பதியாததால் ரேஷன் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் மூன்று பேர். அந்த ரேகைப் பிரச்சினைக்காகத்தான் முதலில் அஜீசாவிடம் வந்தார்கள். பேச்சோடு பேச்சாக, வீட்டில் இடித்துக் கொண்டுவந்திருந்த சென்னாகுன்னிப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள் கோவிந்தம்மா. நகத்தளவு கூட இல்லாத காய்ந்த கூனி இறாலை மண் போகப் புடைத்து, வறுத்து, மிளகாய் பூண்டு சேர்த்து இடித்தது. அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் அஜீசாவே கேட்டாள், "இதை விக்கலாமே?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பதினான்கு மாதம் ஓடியது. காலடிப்பேட்டையில் ஒரு அறை, தரைக்கு டைல்ஸ், ஈ வராத வலை, உணவு உரிமம், பரிசோதனைக்கூடச் சான்று, அச்சடித்த பாக்கெட். ஷெட்டுக்காரர் ஜூன் மாதம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மறுபடி ஆள் எடுப்பார். "நாங்க வரல, வேற ஆளப் பாத்துக்க" என்று கோவிந்தம்மா அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இந்த ஆர்டர் நின்றால் அந்த அறையை வைத்துக்கொள்ள முடியாது. ஆறு பேரும் அதே ஷெட்டு வாசலில், சொன்ன வார்த்தையை விழுங்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஐஸ் தண்ணீர் அவர்களுக்காகக் காத்திருந்தது.

அஜீசா போய்ச் சேர்ந்தபோது குட்டியானை சரக்கு வண்டி பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. சுவரோரம் இருபத்தைந்தும் அடுக்கியிருந்தன. பெண்கள் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வா பாயம்மா. நம்ம பொண்ணு மாமியார் வூட்ல இருந்து திரும்பி வந்துகீது" என்றாள் கோவிந்தம்மா.

அஜீசா ஒரு பெட்டியைப் பிரித்து, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடை மெஷினில் வைத்தாள். பாக்கெட்டின் எடையோடு சேர்த்து நூற்றைந்து வர வேண்டும். நூற்றுப் பதினாறு. நூற்றுப் பத்தொன்பது. நூற்றுப் பதினான்கு. ஒன்று நூற்று இருபத்திரண்டு.

"இது என் கை" என்றாள் கோவிந்தம்மா, அந்த நூற்று இருபத்திரண்டைப் பார்த்து. குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"மெஷின் நூறு காட்டினதும் நிறுத்தணும்னு சொன்னேனேக்கா."

"காட்டிச்சே. நூறு காட்டிச்சு, மெஷினுல இருந்து எடுத்தோம். எடுத்தப்புறம்தான் ஒரு சிட்டிக போட்டோம். மெஷின நாங்க ஒண்ணும் ஏமாத்தல."

"ஏன் போட்டீங்க?"

கோவிந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா கேள்வி இது? கொசுறும்மா. கொசுறு போடாம எப்டி மூடறது?"

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"துன்னா கை கழுவறோம். அத்த போய் உன்கிட்ட சொல்லிக்கினு இருப்பமா?"

அடைக்கலமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறு பேரில் இளையவள் அவள். முப்பத்தி நான்கு வயது. சீட்டு எழுதுவதும் சீல் போடுவதும் அவள் பொறுப்பு.

அஜீசா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள். கிடங்கு, மெஷின், இருபத்தேழு பாக்கெட் என்று காட்டுவது, எழிலன் படும் பாடு. கேட்டுக்கொண்டார்கள். இருபத்தேழு என்ற இடத்தில் கோவிந்தம்மாவே சிரித்தாள். "அந்த மெஷினுக்காவது நம்ம மன்சு தெரிஞ்சுதே" என்றாள்.

"புதுசா செய்ய சரக்கு இருக்கா?"

"எங்க? போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்குது. மார்ச்சுல வாங்கி வெச்சதுதான் இது மொத்தமும்."

"அப்ப இதையேதான் சரி பண்ணணும். புது பாக்கெட் ஆயிரத்துக்கு மேல மிச்சம் இருக்கு. பழசப் பிரிச்சு, கூட இருக்கறத எடுத்துட்டு, நூறு நூறா மறுபடி போட்டுடலாம். நாளைக்கு ஒரு நாள் போதும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஜீசாவுக்கு முதலில் ஏனென்று விளங்கவில்லை.

"எடுத்துட்டுன்னா?" என்றாள் கோவிந்தம்மா.

"கூட இருக்கறத."

"போட்ட கொசுற திருப்பி எடுக்கறதா?"

கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பாயம்மா, நீ சொல்லி நாங்க எதுக்கு மாட்டேன்னோம்? தலைக்குத் தொப்பி போடச் சொன்ன, கோமாளி கணக்கா போட்டுக்கினோம். நகத்த வெட்டுன்ன, வெட்டினோம். இது ஆவாது. காசிமேட்டுல எங்கம்மாகூட குந்தி மீன் வித்த ஒருத்தி, நெத்திலி கூறுல போட்ட நாலு மீன, அந்தம்மா பேரம் பேசிச்சின்னு திருப்பி எடுத்துட்டா. அன்னிலேர்ந்து அவ கூடையண்ட ஒரு ஆளு குந்தல. கடைசியில வூடு வூடா பாத்திரம் தேச்சா. போட்டது போட்டதுதான். அது நம்முது இல்ல."

"அக்கா, இது வாங்கினவங்க கைக்கே இன்னும் போகலையே."

"போட்டப்பவே போயிடுச்சு."

"அப்ப இனிமேலாவது கொசுறு இல்லாம போடுவீங்களா?"

"அத்த அப்புறம் பேசலாம். வெறும் அளவா குடுக்கறதே பேஜாரு. வாய்க்கரிசிக்குத்தான் கொசுறு கெடையாது. உனக்கோசரம் அத்தகூட செய்வோம். ஆனா திருப்பி எடுக்க மாட்டோம்."

அஜீசா ஷெட்டைப் பற்றிச் சொன்னாள். ஜூன் மாதத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல் பழைய வங்கிக் குரலாக மாறுவது அவளுக்கே கேட்டது. கோவிந்தம்மா வெடித்த விரல்களைத் தடவிக்கொண்டே கேட்டாள். ஷெட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நீ மட்டும் தலைதட்டியா அளக்கற?" என்றாள் கடைசியில். "கைரேகைக்கு வந்தவளுக்கு லைசன்சு வாங்கித் தந்த. லைசன்சுக்கு வந்தவளுக்கு புள்ளைய ஸ்கூல்ல சேத்து வுட்ட. அதுல நாலு எழுத்த திருப்பி எடுத்துக்கன்னு சொன்னா எடுப்பியா?"

அஜீசா பையை எடுத்துக்கொண்டாள். எழுந்து வந்துவிட்டாள்.

*

வீட்டில் சௌக்கத் அலி எல்லாவற்றையும் கேட்டான். அவள் கணவன், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. "கன்டெய்னர் எடை கூடினா அபராதம், கூனி எடை கூடினாலும் அபராதம். கடல்ல இருந்து வர்றது எதுவும் சும்மா வராது போல" என்றான். அவள் சிரிக்காததைப் பார்த்து, டீயை ஆற்றி அவள் பக்கம் நகர்த்தினான்.

"அஜீசா, சொன்னா கோவிக்காத. நீ ஒரு வாரம் கடையப் பூட்டிட்டு தூங்கலாம்."

"யார் கோவிச்சா? சாவிய வேணா நீங்களே வச்சுக்குங்க."

ஆனால் சாவி அவள் பையில்தான் இருந்தது. கிடந்து யோசித்தாள். கோவிந்தம்மா மூடநம்பிக்கை பேசுகிறாள் என்று ஒதுக்க முடியவில்லை. இருபது வருடம் ஐஸில் நின்றவள், இனிமேல் நிற்க மாட்டேன் என்று சொன்னவள், அந்த ஐஸுக்கே திரும்பிப் போகத் தயாராக இருக்கிறாள்; போட்ட ஒரு சிட்டிகையை எடுக்கத் தயாராக இல்லை. அதோடு வாதாட முடியாது. யாராவது ஒருவர் அந்தப் பழியை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழியை ஏற்பது அஜீசாவுக்குப் புதிதில்லை. பதினொரு வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினாள். தவிர, சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கத்தரிக்கோலோடு காலடிப்பேட்டைக்குப் போய்விட்டாள். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை போட்டுக்கொண்டு, கழுவித் துடைத்த பெரிய அண்டாவை நடுவில் வைத்தாள். பொடி பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தினாள்.

"நீங்க யாரும் தொட வேணாம்" என்றாள். "போட்டது நீங்க. பிரிக்கறது நான். ஏதாவது ஆச்சுன்னா என் தலைல ஆகட்டும்."

"பாவத்த கான்ட்ராக்ட் எடுக்கறியா?" என்றாள் கோவிந்தம்மா. அஜீசா முதல் பாக்கெட்டின் கழுத்தை வெட்டி அண்டாவில் கவிழ்த்தாள். கோவிந்தம்மா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டாள்.

அறுநூறு பாக்கெட். வெட்டு, கவிழ், தட்டு. வெட்டு, கவிழ், தட்டு. ஐம்பதுக்குள் முதுகு நனைந்துவிட்டது. மிளகாய் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்முவதற்கு ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய் வர வேண்டியிருந்தது. பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து, சாவு வீட்டில் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அடைக்கலமேரி மட்டும் அருகில் வந்து குந்தினாள்.

"எங்க வேதத்துல இதெல்லாம் கெடையாதுக்கா. நான் வெட்றேன், குடு."

"வெட்டு."

அவள் கத்தரிக்கோலை வாங்கினாள். ஒரு பாக்கெட்டை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தாள். கத்தரிக்கோலையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கெடையாதுதான். ஆனா கை வர்லக்கா. காலி கவர நான் பொறுக்கறேன்."

இருநூறு தாண்டியதும் கட்டைவிரலில் கத்தரிக்கோல் வளையம் அழுத்தித் தோல் உரிந்தது. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டாள். ஆறு வருடமாக இப்படித்தான் இருக்கிறதோ என்று ஒரு எண்ணம் வந்தது; பிறர் கவிழ்க்கும் பைகளை வாங்கி, வெட்டி, தட்டி, பிரித்து. அந்த எண்ணத்தைத் தொடர்ந்து போகக்கூட அலுப்பாக இருந்தது. எண்ணிக்கை தவறிவிடும். இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு.

நடுவில் ஒவைஸ் போன் செய்தான். எடுக்கவில்லை.

ஒன்றரை மணிக்குக் கடைசி பாக்கெட்டைக் கவிழ்த்தாள். கோவிந்தம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கை கழுவி, உறையை மாட்டிக்கொண்டு வந்து, அண்டாவுக்குள் முழங்கைவரை விட்டுக் கிளறினாள். அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு.

"பாயம்மா. இதுல எது எந்தப் பாக்கெட்டுதுன்னு சொல்லு."

"எப்படித் தெரியும்?"

"எந்தப் புடி சரக்கு, எந்தப் புடி கொசுறு?"

"தெரியாதுக்கா. எல்லாம் ஒண்ணா கலந்துடுச்சு."

கோவிந்தம்மா இன்னொரு முறை கிளறினாள். நிதானமாக, சந்தேகம் ஒன்றும் பாக்கி வைக்காமல்.

"அப்போ யாரும் எதையும் திருப்பி எடுக்கல" என்றாள். "அண்டாவுல சரக்கு கீது. புதுசா போடப் போறோம். இன்னாங்கடி பாத்துக்கினு கீறீங்க, குந்துங்க."

ஐந்து பெண்களும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். அஜீசா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது. நேற்று அண்டாவில் கலக்கவில்லை, அதனால் நேற்று இது உண்மையும் இல்லை. கேட்காமல் விட்டாள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சீல் போடுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் அவளே வாங்கி எடை போட்டாள். முதல் பத்தில் நான்கு திரும்பிப் போயின. மெஷின் நூறு காட்டியதும் கை தானாக அண்டாவுக்குப் போய் ஒரு சிட்டிகையோடு திரும்பியது. போட்ட பிறகுதான் போட்டவளுக்கே தெரிந்தது.

"கரண்டிய வெச்சதும் கைய மடியில சொருகிக்குங்கடி" என்று அதட்டினாள் கோவிந்தம்மா. அதட்டிய மறு நிமிடம் அவளுடைய பாக்கெட் நூற்றுப் பதினொன்று காட்டியது.

"அக்கா, இது யாரு கை?" என்றாள் அடைக்கலமேரி.

"மூடிக்கினு சீலப் போடு."

பொழுது சாய்வதற்குள் இருபத்தைந்து பெட்டியும் நிறைந்தன. எல்லாம் முடிந்த பிறகு அண்டாவின் அடியில் பொடி மிச்சம் இருந்தது. எடை போட்டார்கள். ஏழு கிலோவும் கொஞ்சமும்.

அஜீசாவின் மூளை பழக்கத்தில் ஓடியது. ஏழு கிலோ என்றால் எழுபது பாக்கெட். கிட்டத்தட்ட மூன்று பெட்டி. "அக்கா, இதையும்..." என்று ஆரம்பித்தவள், கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மிஞ்சினது வித்துக்கினு போறதுக்கு இல்ல" என்றாள் கோவிந்தம்மா. செய்தித்தாள்களை வரிசையாக விரித்து, மீன் விற்பதுபோலக் கூறு கட்டினாள். ஆறு பேருக்கு ஆறு. டீக்கடைக்காரருக்கு. குட்டியானை ஓட்டுகிறவருக்கு. மாடியில் தனியாக இருக்கும் வாத்தியாரம்மாவுக்கு. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்கு. கடைசியாக ஒரு கூறு கட்டி, அதைப் பார்த்து, மேலே இன்னொரு கை அள்ளிப் போட்டு மடித்தாள்.

"இந்தா."

வாடிக்கையாளர்களிடம் எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்று அஜீசா ஒரு விதி வைத்திருந்தாள். வங்கியிலிருந்து வந்த பழக்கம். விதியைச் சொல்ல வாய் எடுத்தாள். கட்டைவிரல் விண்விண்ணென்று வலித்தது. பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை அவளே குட்டியானையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மாதவரம் போனாள். சீட்டுகளில் கையெழுத்து முந்தின நாளே போட்டிருந்தாள். ஒவ்வொரு பெட்டியையும் எடை போட்டு, எடையை எழுதி, அதன் கீழே. கிடங்கு மெஷினில் பெட்டி ஏறியது. இரண்டு எழுநூற்று இருபது. இரண்டு எழுநூற்றுப் பதினெட்டு. இரண்டு எழுநூற்று இருபத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தைந்தாவது பச்சையும் எரிந்து அணைந்தபோது அவளுக்குள் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

"ஜூன் கடைசியில இருந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ, இதே அளவு" என்றான் எழிலன். "ஆர்டர் சாயங்காலம் மெயில்ல வந்துடும். என்ன மேடம் பண்ணீங்க, மெஷினை மாத்திட்டீங்களா?"

"மெஷின் அதேதான் சார்."

வெளியே நிழலில் நின்று கோவிந்தம்மாவுக்குப் போன் செய்தாள். எல்லாப் பெட்டியும் ஏறியதைச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு, "ஷெட்டுக்காரன் மூஞ்சில முழிக்க வாணாம்" என்றாள் கோவிந்தம்மா, யாரிடமோ சொல்வதுபோல. அவளுக்குப் பின்னால் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

"பாயம்மா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"அந்தக் கடையில நான் ஒரு நாளு நின்னுக்கவா? ஒண்ணும் தொட மாட்டேன். நம்ம பொடிய வாங்கி, பில்லு போட்டு, வெளிய வர்றாங்க பாரு, அவங்க கையில ஒரு சிட்டிக குடுத்து அனுப்பறேன். வெறும் அளவா போவுதேன்னு ராவெல்லாம் தூக்கம் வர்ல."

அஜீசா கிடங்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினான்கு மாதத்தில் சரக்கை விற்க அவள் எழுதிய திட்டங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அதில் எதிலும் இது இல்லை.

"கேட்டுப் பாக்கறேன்க்கா" என்றாள்.

திரும்ப உள்ளே போய் எழிலனிடம் கேட்டாள். கடை வாசலில் ஒரு சின்ன மேஜை, சனிக்கிழமைகளில், பொடி செய்தவளே நின்று ருசி பார்க்கக் கொடுப்பாள் என்று. எழிலன் தலையைச் சொறிந்தான்.

"மேலே அனுப்பறேன் மேடம்."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். பதினொரு வருடம் அவளுடையதாக இருந்த குரல். தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். படியிறங்கும்போது, "மேடம், ஒரு நிமிஷம்" என்று பின்னால் வந்தான். பெட்டி ஏற்றுக்கொண்டதற்கான சீட்டை அவளிடம் கொடுக்க மறந்திருந்தான். கொடுப்பதற்கு முன் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கிளை மேலாளரின் பெயரையும் எண்ணையும் எழுதினான்.

"மேலே அனுப்பினா நாளாகும். இவங்கள நேரா பாத்துடுங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்."

டோல்கேட்டில் இறங்கியபோது அலுவலகப் படியில் ஒவைஸ் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பது கீழேயிருந்தே தெரிந்தது. அவனுக்கு ஒரு மணி நேரம் போனது. கவிழ்த்த காகிதங்களில் பாதி அவனுடையவையே இல்லை, அண்ணனுடையவை. நாளைக்கு வரச் சொன்னாள். இந்த முறை அவன் சிரித்துவிட்டுப் போனான்.

வீட்டில் சோறு வடித்திருந்தது. அஜீசா பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சௌக்கத் அலி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கண்ணை மூடித் தலையை ஆட்டினான். பிறகு தொழில் பழக்கத்தில் பொட்டலத்தைக் கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்தான்.

"அரை கிலோவுக்கு மேல இருக்கும் போலயே. எவ்ளோ இது?"

"தெரியல" என்றாள் அஜீசா, தட்டை இழுத்துக்கொண்டு. "எடை போடல."